தேட ஓர் ஆள்

ப்ரைலா நகர மனநல மருத்துவமனையில், டாக்டர் ரோடிகா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேள்விகளை வாசித்தார். எதிரே மனைவியை இழந்த எமில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"செத்துடலாம்னு தோணுதா?"

"முன்ன தோணிச்சு. இப்ப குறைஞ்சிருக்கு."

"ஒரு நாள் காணோம்னா உங்களைத் தேட ஆள் இருக்கா?"

"ஒருத்தங்க இருக்காங்க. அவங்களை நெனச்சுத்தான் பொழுதை ஓட்டுறேன்."

எமில் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

"பேரெல்லாம் வேணாம். ஆமாவா இல்லையான்னு மட்டும்தான் படிவத்துல கேட்டிருக்கு."

"ஆமா."

அந்த ஓர் ஆமாவுக்கு ஐந்து புள்ளி குறைந்து, 'ஆபத்து குறைவு' என்று திரை பச்சையானது. பச்சை வந்தவருக்கு அடுத்த சந்திப்பு கிடையாது என்பது அங்கே விதி.

"நல்ல சேதி. இனிமே செவ்வாய்க்கிழமை நீங்க வர வேண்டியதில்ல."

எமில் எழுந்திருக்கவில்லை.

"அதான் தேட ஆள் இருக்கே, அப்புறம் என்ன? யாரு, மகளா?"

"எனக்கு ஏது மகள்? செவ்வாய்க்கிழமை அஞ்சு நிமிஷம் லேட்டானா போன் பண்ணி எங்க இருக்கீங்கன்னு கேப்பீங்களே டாக்டர், நீங்கதான்."