வேட்டியில் ஓடிய படம்

பாதி விலைக்கு வந்த பழைய புரொஜெக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதிரே திரையாகக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியில் படம் ஓடியது, ஆனால் மங்கல்.

"பின்னால் போ," என்று தன்னைச் சுமந்த முக்காலியை விரட்டியது. நாயகனின் தலை வேட்டிக் கரையைத் தாண்டிச் சுவருக்குப் போனது.

"ஐயோ, முன்னால் வா!"

"காலெல்லாம் கடுக்குதுப்பா," என்றது முக்காலி.

"அம்மாவைத் தேடி ரயிலேறிட்டான். கிடைச்சாளான்னு பார்ப்போமே," என்றது வேட்டி.

"இந்தச் சுருக்கத்திலா? முதலில் விறைப்பாக நில்!"

வேட்டி மூச்சைப் பிடித்து நின்றது. புரொஜெக்டர் லென்ஸை மயிரிழை திருப்பியது. போதவில்லை, இன்னொரு மயிரிழை.

"அப்பாடா! இப்போ பாருங்க!"

வேட்டியின் நட்டநடுவில், கண்ணாடி போலத் துல்லியமாக நின்றது: 'சுபம்.'