பாதிச் சவரம்

"அண்ணே, இந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கத்துக்கு என்ன?"

"விளையாடாதீங்கண்ணே. வலது கன்னம் அப்படியே இருக்கு!"

"இருக்கட்டும். எந்திரி."

சலூன்காரர் துண்டை உருவி உதறினார். மூட்டை தூக்கும் அந்த ஆள் கண்ணாடியைப் பார்த்தார். இடது கன்னம் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. வலது கன்னத்தில் பத்து நாள் தாடி. மீசையிலும் பாதியைக் காணோம். காத்திருந்த நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வாசலில் கோப்போடு நின்றவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடுகளுக்கு வழி கேட்க வந்த இடத்தில் இப்படி ஓர் அநியாயமா?

"என்னங்க இது? ஏழைன்னா என்ன வேணும்னாலும் பண்ணலாமா? மிச்சத்தையும் எடுத்து விடுங்க."

"மாட்டேங்க."

"பாவமா இல்லையா உங்களுக்கு?"

சலூன்காரர் கத்தியைத் துடைத்தார். "பாவம் பாக்குறதை விட்டு அஞ்சு வருஷம் ஆச்சு, மேடம்."

மூட்டைக்காரர் வலது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கி ஓட்டமாய் ஓடினார். என்ன கல்நெஞ்சம் என்று முணுமுணுத்தபடி அவளும் நடந்தாள்.

புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கணக்கெடுக்கும் வேலை. வாய்ப்புற்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களில், ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பங்களாத் தெருக்களில் பத்துக்கு எட்டுப் பேர் இருந்தார்கள். சுமை தூக்குகிறவர்கள் தெருக்களில் பத்துக்கு மூன்றே பேர்.

இத்தனைக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர்கள், அதே மருந்து. பல் சுத்தம் செய்யப் போன இடத்திலேயே பங்களாக்காரரின் கடுகளவுப் புள்ளி அகப்பட்டுவிடும். சுமைக்காரரோ தண்ணீர்கூட இறங்காமல் போன பிறகுதான் வருவார்.

ஆனால் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த ஒரு தெருவில் மட்டும் இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் உயிரோடு இருப்பதாகப் பட்டியல் சொன்னது. மூட்டை தூக்குகிறவர்களாவது, பங்களாக்காரர்களை மிஞ்சுவதாவது! யாரோ உட்கார்ந்த இடத்திலேயே டிக் அடித்திருக்கிறார்கள். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்திருந்தாள்.

முதல் கதவைத் தட்டினாள்.

"உங்க வீட்டுக்காரர் இருக்காரா?"

"இருக்காராவா? விடிய விடியக் குறட்டை விட்டு என் உயிரை வாங்குறாரு. நல்லாக் கேட்டீங்க போங்க!"

டிக்.

நாலாவது ஆளுக்கு நாக்கில் பாதி இல்லை. ஆனால் எடை போடும் இடத்தில் அவர் போட்ட சத்தத்தில் லாரி டிரைவரே நடுங்கிக்கொண்டிருந்தார்.

டிக்.

மதியத்துக்குள் பத்தொன்பது டிக். அவளுக்குத் தலை சுற்றியது. கடைசி ஆளிடம் கேட்டே விட்டாள்.

"அவ்வளவு சீக்கிரமா எப்படிங்க ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க? வலி இருந்துச்சா?"

"வலியா? ஒரு மண்ணும் இல்லை. பாதிக்கத்தி அனுப்பி வச்சாரு."

"யாரு?"

"நம்ம சலூன்காரருதாங்க. கையைக் கழுவிட்டு, கட்டைவிரலால கன்னத்தை விலக்கி உள்ள பாப்பாரு. வெள்ளையா, தடிப்பா ஏதாவது தட்டுப்பட்டா சவரத்தைப் பாதியோட நிறுத்திடுவாரு. ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினாத்தான் மீதி!"

"வேற கடைக்குப் போகலாமே?"

"எல்லாக் கடையிலயும் சொல்லி வச்சிருக்காரு. வீட்டுலயும் பிளேடை ஒளிச்சுடுவாங்க. தெருவே அவர் கட்சி. பாதி மூஞ்சியோட எத்தனை நாள் மூட்டை தூக்குறது, சொல்லுங்க?" இரண்டு கன்னத்தையும் தடவிக் காட்டிச் சிரித்தார். அவ்வளவு பெருமை அந்தச் சிரிப்பில்.

அவள் விறுவிறுவென்று சலூனுக்குத் திரும்பினாள். காலையில் ஓடியவர் மறுபடி நாற்காலியில் இருந்தார். மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு. வலது கன்னத்தில் சோப்பு நுரை.

"சின்னப் புள்ளிதானாம் மேடம். நல்ல நேரத்துல வந்தேன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

அவள் சலூன்காரரைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"காலையில தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்க. இருபத்திரண்டு பேர்ல பத்தொன்பது பேர்! பங்களாத் தெருவையே மிஞ்சிட்டீங்க. எங்க அறிக்கையில முதல் வரியே உங்க தெருதான்."

காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். தாங்களே கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள். சலூன்காரரின் முகமும் ஒரு நிமிடம் மலர்ந்தது. பிறகு கத்தியை மெல்லக் கீழே வைத்தார்.

"செத்துப்போன அந்த மூணு பேரையும் நான்தான் மேடம் முதல்ல கண்டுபிடிச்சேன். நாளைக்குக் கண்டிப்பாப் போறோம், இப்படி அனுப்பாதீங்கண்ணேன்னு கெஞ்சினாங்க. பாவமா இருந்துச்சு. முழுசா மழிச்சு அனுப்பிட்டேன்."