அதே ஆறு கேள்விகள்

“ஒரு தடவைகூட முழிப்பு வரலம்மா” என்றார் தையல்கார அம்மா. சொல்லிவிட்டு, ஊசிக் காதில் நூலை நுழைப்பதில் மும்முரமானார். நூல் இந்த முறையும் தப்பியது.

ஆராய்ச்சி மாணவியின் பேனா அப்படியே நின்றது. இரண்டு வாரத்துக்கு முன்பு இதே கேள்விக்கு இதே அம்மா, “அஞ்சாறு தடவையாவது முழிப்பேன்” என்று சொல்லியிருந்தார்.

வந்த தூக்கம் இடையில் கலைகிறதா என்று அறிய அவள் ஆறு மாதம் பாடுபட்டுத் தயாரித்த கேள்வித்தாள் அது. ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்க வேண்டும். இரண்டு முறையும் பதில் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் கேள்வித்தாளை நம்பலாம்.

ஏற்கெனவே சிலர் மாற்றிச் சொல்லிக் கழுத்தறுத்திருந்தார்கள். “இனி ஒருத்தர் மாறினாலும் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்லேருந்து வா” என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த அம்மாதான் கடைசி ஆள்.

கேள்வியை மறுபடி படிக்கலாம். ஏன், எப்படி என்று கேட்கக் கூடாது. கேட்டால் பதில் நம் பக்கம் சாய்ந்துவிடும் என்பது விதி. மறுபடி படித்தாள்.

“அதான் சொன்னேனே, வரல.”

‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டாள். முகம் வாடியதை மறைக்க, “ஐயா எங்கம்மா?” என்று பேச்சை மாற்றினாள்.

“வெளிய போயிருக்காரு. நீ அடுத்ததைக் கேளு.”

போன முறை வந்தபோது, உள்பக்கம் போட்டிருந்த பூட்டைத் திறக்கவே அம்மாவுக்கு நேரமாயிற்று. இன்று கதவு அகலத் திறந்து கிடந்ததால் நேராக உள்ளே வந்துவிட்டாள். அன்று அம்மாவின் கணவரான ஐயா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “மீட்டர் பார்க்க வந்தியாம்மா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

“கண்டுக்காதம்மா. என்னையே யாருன்னு கேப்பாரு. பக்கத்து வீட்டுக்காரின்னு சொல்லிடுவேன், அப்பத்தான் மரியாதையாப் பேசுவாரு” என்று அம்மா சிரித்தார். அவர் புரண்டு படுத்தாலே தமக்கு முழிப்பு வந்துவிடும் என்றும் சொன்னார். குறட்டை போலிருக்கிறது என்று மாணவி நினைத்துக்கொண்டாள்.

“கெட்ட கனவு கண்டு திடுக்கிட்டு எழுந்தீர்களா?”

“இல்ல.”

“தொண்டை வறண்டு எழுந்தீர்களா?”

“இல்ல.”

சத்தம் கேட்டு எழுந்ததும் இல்லை. விடியுமுன் தூக்கம் கலைந்ததும் இல்லை. போன முறை எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ சொன்ன அதே அம்மா.

கடைசிக் கேள்வி. “இடையில் கலையாமல் தூங்கிய இரவு ஒன்றேனும் உண்டா?” போன முறை இதற்கு, “கல்யாணத்துக்கு முன்னாடி இருந்திருக்கும்” என்று அம்மா கண்ணடித்திருந்தார்.

இந்த முறை அம்மா நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கினார்.

“ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி.”

மாணவி கூட்டிப் பார்த்தாள். கேள்வித்தாளின் கணக்குப்படி, இவ்வளவு நன்றாகத் தூங்குகிறவர் இதுவரை அவளிடம் அகப்பட்டதே இல்லை. ஆறு மாத உழைப்பு கண்ணெதிரே குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. கூட்டல் தப்போ என்று மறுபடி கூட்டினாள்.

“என்னம்மா, தப்பாச் சொல்லிட்டேனா? உன்னைப் பெயிலாக்கிடுவாங்களா?” அம்மா பதறினார். “அப்படின்னா போன தடவை சொன்னதையே எழுதிக்கோ. யாரு வந்து பாக்கப்போறா?”

“அப்படி எழுதக் கூடாதும்மா.”

தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். இனிமேல் விதியைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது?

“மாத்திரை ஏதாவது போட்டுக்கிறீங்களா? எப்படிம்மா திடீர்னு முழிப்பே வராமப் போச்சு?”

“தூங்கினாத்தானே முழிக்கிறதுக்கு?”

மாணவிக்கு ஒன்றும் புரியவில்லை. இப்படி ஒரு பதில் வரும் என்று அவள் நினைத்ததில்லை; அதற்கு ஒரு கட்டமும் போடவில்லை.

“ஒரு ராத்திரி நல்லாத் தூங்கினேன்னு சொன்னீங்களே?”

அம்மா ஊசியையும் நூலையும் மடியில் போட்டுவிட்டார்.

“அன்னிக்கு எந்திரிச்சு வெளிய போனவருதாம்மா, இன்னும் வரல.”