அழிக்காத பேர்

"அப்படி ஒரு பேர்ல இங்க யாருமே இல்லியேம்மா" என்றார் காவலாளி மூன்றாவது முறையாக.

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க! மூணு வாரமா இங்கதான் மூட்டை அடுக்குறாரு எங்க வீட்டுக்காரரு!"

பழைய காகிதக் கிடங்கில் மூட்டை அடுக்குகள் சரிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதும், போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள். கணவனின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்ததே தவிர, எடுப்பார் இல்லை.

"டேய் குள்ளா, கேட்டைத் திற! மீட்பு வண்டி வருது!" என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். காவலாளி தன் கூண்டு வாசலின் மேல் கம்பியில் தலை இடிக்காமல் நன்றாகக் குனிந்து வெளியே வந்து, கேட்டைத் தள்ளித் திறந்தார்.

"நிஜப் பேரெல்லாம் ஆபீஸ்லதான் இருக்கும்மா. இங்க வந்த மறுநாளே பசங்க ஒரு பட்டப்பேரு வச்சிடுவாங்க. சிலேட்ல எழுதுறதும் அதைத்தான்."

சுவரில் தொங்கிய சிலேட்டைக் காட்டினார். ஆட்கள் வெளியே வர வர ஒவ்வொரு பேராக அழித்திருந்தார். ஒரே ஒரு பேர் மிச்சமிருந்தது.

"இவன் ஒருத்தன்தான் உள்ள மாட்டிக்கிட்டான். மத்தவங்கள எல்லாம் பின்வழியா வீட்டுக்கு அனுப்பியாச்சு."

அவள் எட்டிப் பார்த்தாள்; தூரத்திலிருந்து எழுத்து தெரியவில்லை. "என்னண்ணே எழுதியிருக்கு?"

"ஊமை."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அவள் புருஷன் தூக்கத்தில்கூடப் பேசுகிற ஜாதி. இன்று காலையில்கூட, "கொஞ்ச நேரம் அந்த வாயை மூடுங்களேன்" என்று எரிந்து விழுந்துதான் வேலைக்கு அனுப்பியிருந்தாள்.

"அப்ப அவரு இல்லண்ணே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப வீட்டுக்குத்தான் போயிருப்பாரு. நீ கெளம்பும்மா."

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றபடி திரும்பி நடந்தாள். இன்னொருத்தி தாலிக்கு ஆபத்து வந்திருக்க, தனக்குச் சந்தோஷமாக இருக்கிறதே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

நாலு எட்டு வைத்திருப்பாள். கிடங்குக்குள்ளிருந்து அதே குரல் உற்சாகமாகக் கத்தியது.

"குள்ளா, ஊமை உயிரோடதான்டா இருக்கான்! மூச்சு வாங்குது, வாயை மூடுடான்னா, அதைச் சொல்ல வீட்ல ஒருத்தி இருக்காங்கிறான்!"