ஒரு மணி நேரக் குரல்

பரஞ்சோதி வேலைக்குக் கிளம்பியதும் அவனுடைய ஏழு மாத நாய்க்குட்டி வாசற்கதவைக் கடித்துக் குதறும். வீட்டுக்கார அம்மாள் வந்து கதவின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். “ஏன் தம்பி, இது கதவா, முறுக்கா? இன்னொரு தடவ கடிச்சா நாய் இங்க இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்.” அந்த நாயை விட்டால் அவனைத் தேட ஓர் உயிர் கிடையாது. கால்நடை மருத்துவர், “தனியா இருக்கப் பயப்படுது. உங்க குரலப் பதிஞ்சு ஓடவிட்டுட்டுப் போங்க” என்றார். பழைய செல்போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பேச எதுவும் வரவில்லை. “சாப்பிட்டியாடா?” என்றான். பிறகு சூப்பர்வைசரைத் திட்டினான். அதன்பின் நிறுத்த முடியவில்லை. யாரிடமும் சொல்லாததையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னான். பதிவு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி வைத்தான்.

கதவு பிழைத்தது. ஆனால் அவன் திரும்பி வரும்போது நாய் வாசலுக்கு ஓடி வருவதும் நின்றுபோனது. செல்போனின் பக்கத்திலேயே படுத்திருந்தது. அந்தக் குரலை நிறுத்தினால் மட்டும் தலையைத் தூக்கி அவனை முறைத்தது.

ஒரு மதியம் சீக்கிரம் வந்தவன் கதவுக்கு வெளியே நின்றுவிட்டான். உள்ளே அவன் குரலில் ஒருவன் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அப்படிப்பட்ட வீட்டுக்குள் சாவி போட்டு நுழைவது திருட்டுத்தனமாகப் பட்டது. காலிங்பெல்லை அழுத்தினான். நாய் அந்நியனைப் பார்த்துக் குரைப்பதுபோல் விடாமல் குரைத்தது. தெருச் சத்தத்துக்கு அது மிரளக் கூடாதென்று அவனே பேசிவைத்த வரி கொஞ்ச நேரம் கழித்துச் செல்போனிலிருந்து வந்தது.

“யாருமில்லடா, படு.”

குரைப்பு நின்றது.