புதிதாக வந்த சுட்டிப்புயல்

"உனக்கு எத்தனை வயசு?" ஆன்லைன் விளையாட்டுக் குழுவின் சாட்டில் கேட்டது, அன்றுதான் சேர்ந்திருந்த 'சுட்டிப்புயல்' என்ற பெயர்.

"பத்து," என்று சிறுமி டைப் செய்தாள்.

"எனக்கும் பத்துதான். எந்த ஸ்கூல்? வீட்ல தனியாவா இருக்கே? ஒரு போட்டோ அனுப்பேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? உடனே புகார் பொத்தானை அழுத்தினாள். 'நல்ல குழுவா நானே பார்த்துச் சேர்த்துவிடறேன்' என்று அம்மா சொல்லியிருந்தாள். அதற்குள் அவசரப்பட்டு, அவளுக்குத் தெரியாமல் சேர்ந்தாயிற்று. சொன்னால் முதுகு பழுக்கும். சொல்லாமல் இருக்கவும் பயம்.

பக்கத்து அறைக்கு ஓடினாள்.

"திட்டாதம்மா! உனக்குத் தெரியாம ஒரு கேம் குரூப்ல சேர்ந்துட்டேன். அதுல எவனோ சின்னப் பிள்ளை மாதிரி நடிச்சு, என் போட்டோ கேக்கறான்மா!"

அம்மா பேயறைந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலிருந்த போன் சிணுங்கியது. மகள் எட்டிப் பார்த்தாள்.

'சுட்டிப்புயல், உங்கள் மீது வந்த புகாரால் குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள்.'

"உன்னைச் சேர்க்கலாமான்னு சோதிச்சுப் பார்த்தேன்டி," என்றாள் அம்மா ஈனக்குரலில். "நல்ல குரூப்தான்... என்னையே தொரத்திட்டாங்க."