செல்லாத கோல்

"கோல்! தம்பி, கோல்!"

லிஃப்ட் மெக்கானிக் சோபாவிலிருந்து துள்ளி எழுந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞனை அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கினார். இளைஞனின் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. பெண் கேட்டு வந்த வீட்டில் இப்படி ஒரு வரவேற்பை அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான்.

"நான் ஒருத்தரை விரும்புறேம்ப்பா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். எனக்கு அன்னிக்கு ஷிஃப்ட் இருக்கு, நீங்க பேசிப் பாருங்க" என்று மகள் சொன்னபோது, அன்றுதான் தன் அபிமான நீலச்சட்டை அணிக்குக் கால்பந்துக் கோப்பை ஆட்டம் என்பது அவர் நினைவில் இல்லை. வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆட்டம் தொடங்கிவிட்டது. என்ன படிப்பு, என்ன வேலை, எதையும் கேட்கவில்லை. "முதல்ல மேட்ச் முடியட்டும் தம்பி" என்று சோபாவில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

இப்போது கடைசி நிமிடத்தில் கோல். கட்டடம் முழுக்க ஒரே கூச்சல். மேல் வீட்டில் யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள்.

ஆனால் திரையில் நடுவர் ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் எல்லாரையும் நிறுத்தினார். மெக்கானிக்கின் பிடி தளர்ந்தது. இளைஞன் மெல்லத் தரையிறங்கினான்.

"ஆரம்பிச்சுட்டாங்கய்யா வீடியோ ரூம்காரங்க! விழுந்த கோலையும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து நோண்டுவாங்க. இப்பல்லாம் கோல் விழுந்தா குதிக்கலாமா, உக்காரலாமான்னே தெரியல. சந்தோஷப்படவும் மேலிடத்துல அனுமதி வாங்கணும்போல!"

"கோடு போட்டுப் பார்ப்பாங்க, அங்கிள்" என்றான் இளைஞன் தயக்கத்தோடு. "எல்லாக் கேமராவையும் ஒண்ணாப் பொருத்திப் பார்க்கணும். அதான் நேரமாகுது."

"நான் ஒரு லிஃப்டை நடுவுல நிறுத்தினா, உள்ள இருக்கிறவன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். இவனுங்க ஒரு ஆட்டத்தையே நடுவுல நிறுத்துறானுங்க. யாரைத் திட்டுறது? பேரைக்கூடச் சொல்ல மாட்டேங்கிறாங்க. அவ்வளவு பயம்!"

நடுவர் கையை உயர்த்தினார். ஆஃப்சைடு; கோல் போட்டவர் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னாலேயே நின்றிருந்தாராம். கோல் செல்லாது.

மெக்கானிக் தலையில் கையை வைத்துக்கொண்டார். "குருட்டுப் பசங்க! அந்த ரூம்ல உக்காந்திருக்கிறவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"என்னங்க, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. வழக்கமாக அவள் ஆட்டத்தின் பக்கமே வர மாட்டாள்.

"நீ சும்மா இரு! அவன் எவனா இருந்தாலும் சரி, என் வீட்டு வாசப்படி ஏறக்கூடாது!"

இளைஞனின் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. "அங்கிள், கோல் போட்ட ஒம்போதாம் நம்பரோட தோள் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே இருந்த மாதிரிதான்..."

மெக்கானிக் சட்டென்று திரும்பினார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். கேமராவாம், கோடாம், தோளாம். ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு தடவைகூட இவன் கத்தவில்லை. திரையைப் பார்த்ததைவிடக் கைபேசியைப் பார்த்ததுதான் அதிகம். அவருக்குப் பொறி தட்டியது.

தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"தம்பி, நேராவே கேக்குறேன். நீங்க அந்த வீடியோ ரூம் கூட்டத்துல ஒரு ஆளா? இன்னிக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கீங்களா?"

இளைஞன் கைபேசியை அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்தான். அவனைப் பார்க்க அவருக்கே பாவமாகிவிட்டது. தப்பான பையனாகவும் தெரியவில்லை. கட்டித் தூக்கியபோதுகூட முகம் சுளிக்காமல் சிரித்தவன்தான். மகள் முதல் தடவையாக வாய் திறந்து கேட்ட ஒன்றுக்கு, ஒரு கோலுக்காகக் குறுக்கே நிற்பதா?

"பரவாயில்ல, சொல்லுங்க" என்றார், பெருந்தன்மையாக. "வயித்துப் பொழப்புன்னா நாலும் இருக்கும். வேற நல்ல வேலையாப் பார்த்துக்கலாம். நான் கோவக்காரன்தான், ஆனா மனுஷன்."

"அய்யோ, இல்ல அங்கிள். நான் பல் டாக்டர்."

"பல் டாக்டரா! இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?" மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அப்புறம் எதுக்குய்யா இப்படி வேர்த்துக் கொட்டுது? இந்தக் கோடு, கேமரா கதையெல்லாம் யார் சொன்னது?"

"எனக்கு ஃபுட்பாலே தெரியாது அங்கிள். எல்லாம் உங்க பொண்ணு சொல்லிக் கொடுத்ததுதான்."

"அவளா? அவ என்னமோ கம்பெனியில செக்கிங் வேலைதானே பார்க்குறா?"

"ஆமா, செக்கிங்தான்." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். "அப்பாகிட்ட நேர்ல சொல்லப் பயமா இருக்கு, நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்கன்னுதான் என்னை அனுப்புனா. இன்னிக்கு அந்த ரூம்ல உக்காந்திருக்கிறது உங்க பொண்ணு."

மெக்கானிக்கின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பழக்க தோஷத்தில் பல் டாக்டர் லேசாக உள்ளே எட்டிப் பார்த்தான்.

திரையில் அதே காட்சியை மறுபடியும் போட்டார்கள். மெக்கானிக் எழுந்துபோய்த் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கீழ் வீட்டிலிருந்து யாரோ, "கோலை முழுங்கிட்டானுங்க, திருட்டுப் பசங்க!" என்று அலறுவது கேட்டது.

அவர் விடுவிடுவென்று போய் ஜன்னலைத் திறந்தார்.

"யாருடா அவன் கத்துறது? தோள் எம்மாம் பெருசா வெளியே நீட்டிக்கிட்டிருக்கு, இதுகூடத் தெரியல? முதல்ல போய்க் கண்ணைக் காட்டுடா!"